பக்கத்தில் மூன்று தையல்

என் ராஜாவுக்கு,

நீ தைத்து அனுப்பிய ஜாக்கெட் எனக்குத் தொளதொளவென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது கச்சிதமாகப் பொருந்திவிட்டது என்று சொன்னேனே, அது பொய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அப்பா பின்னால் நின்றுகொண்டு, "இதுக்குள்ள இன்னொரு ஆளு பூந்துக்கலாம்டி" என்று சொல்ல வாயெடுத்தார். நான் முறைத்த முறைப்பில் அடங்கிவிட்டார். கழுத்துக்குக் கீழே உனக்குத் தெரியக்கூடாது என்று போனையும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். தையல் மிஷினை மடக்கி உள்ளே விட்டு, அதன் பலகை மேல் தாளை வைத்து எழுதுகிறேன். இந்த வீட்டில் எனக்கென்று இருக்கிற மேசை இது ஒன்றுதான். இங்கே உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது, பெடலை மிதித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுத்து கொஞ்சம் ஆடும். எழுதி முடித்ததும் அப்பா போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவார். படிக்காமல் அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், கேட்பாரா தெரியாது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா எழுதியது என்று நீயே நம்ப மாட்டாய். கொக்கிகளை ஆம்பளைச் சட்டைக்குப் பட்டன் வைப்பதுபோல் பக்கம் மாற்றி வைத்திருக்கிறாய். என்னுடைய பழைய ஜாக்கெட்டைப் பக்கத்திலேயே விரித்து வைத்துக்கொண்டு எப்படிடா இப்படிச் செய்தாய்? போட்டுக்கொள்ளும்போது விரல் தடுமாறி, என்ன இது என்று நானே ஒரு நிமிஷம் திகைத்துப் போனேன். இடது கை முன்பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. மற்றபடி ஒன்றும் சொல்வதற்கில்லை. கழுத்து வளைவில் துணிக்குச் சின்னச் சின்ன வெட்டுக் கொடுத்துத் திருப்பியிருக்கிறாய், சுருக்கமே விழவில்லை. உள்ளே கையால் போட்ட ஹெம்மிங் வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. நாளெல்லாம் வெல்டிங் குச்சி பிடிக்கிற கை இவ்வளவு பொறுமையாக ஊசி பிடித்திருக்கிறதே என்று, அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மூன்று தையல். துணியையும் தாராளமாக உள்ளே விட்டிருக்கிறாய். யாரும் உனக்கு அதைச் சொல்லித் தரவில்லை, நான் உனக்குத் தைத்த சட்டைகளின் உள்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து நீயே பிடித்துக்கொண்டது அது. உடம்பு போட்டால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம், இன்னும் போட்டால் இரண்டாவதைப் பிரிக்கலாம், துணி வீணாகாது. ஞாயிற்றுக்கிழமை நீயும் அதையே சொன்னாய். "டைட் ஆச்சுன்னா ஒரு தையலப் பிரிச்சுக்கோ மா, நான் உள்ள வுட்டுத்தான் வச்சிக்கீறேன்." நான் தலையை ஆட்டினேன். போனை வைத்த பிறகு அழுதேன். எனக்கு வேண்டியது உள்ளே இன்னும் ஒரு தையல் போட்டுப் பிடிப்பது. பிரிப்பதற்கு இப்போது என் உடம்பில் ஒன்றும் ஏறவில்லை.

நம் வீட்டில் யாரும் டேப் வைத்து அளந்தது கிடையாது. நன்றாகப் பொருந்துகிற உடுப்பு ஒன்றை பீரோவின் கீழ்த்தட்டில் தனியாக மடித்து வைத்துவிடுவேன். புதுத் துணியை விரித்து, அதை மேலே போட்டு, சுற்றிலும் சாக்பீஸால் கோடு இழுத்து வெட்டுவேன். உனக்கு ஒரு அளவுச் சட்டை, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு அந்தப் பச்சை ஜாக்கெட். அப்பா வேலையில் இருந்தபோது நாம் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும், தைக்கக் கொடுக்கத்தான் மார்க்கெட்டில் அத்தனை பேர் இருக்கிறார்களே, நீ ஏன் இப்படிக் கிடந்து மிதிக்கிறாய் என்று கேட்பார்கள். எனக்கு ஆசை, அவ்வளவுதான். கிறிஸ்மஸ் காலையில் நாம் மூன்று பேரும் கோயிலுக்கு நடந்து போகும்போது நம் மேல் இருக்கிற ஒவ்வொரு நூலும் என் கைவழியாகப் போயிருக்க வேண்டும். அப்பாவின் பழைய காக்கிப் பேண்டில் உனக்குச் சாப்பாட்டுப் பை தைத்தேன். ஐ.டி.ஐ.க்கும் அதுதான், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குப் போனபோதும் அதுதான். அதையே போலந்துக்கும் எடுத்துப் போயிருக்கிறாய் என்று, ஒருநாள் உன் அறைக் கதவில் அது தொங்குவதைப் போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நீ மிஷினில் உட்கார்ந்தது கொரோனா சமயத்தில். கம்பெனியை மூடிவிட்டார்கள், வெளியே போக முடியாது, நீ கூண்டில் போட்ட மாதிரி அங்கும் இங்கும் நடந்து என் உயிரை வாங்கினாய். மாஸ்க் தைக்கலாம் வாடா என்று கூப்பிட்டேன். முதல் நாள் சக்கரம் பின்பக்கமாகவே சுற்றியது, நூல் அறுந்துகொண்டே இருந்தது. அப்பா நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். "இன்னா நைனா, இரும்பையே ஒட்டறவன், ரெண்டு துணிய ஒட்ட இம்மாம் நேரமா?" என்றார். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பழைய புடவைகளில் பூப்போட்ட மாஸ்க்காகத் தைத்துத் தள்ளினாய், முத்தாபுதுப்பேட்டையில் நம் தெரு முழுக்க என் புடவைகளைத்தான் மூக்கில் கட்டிக்கொண்டு திரிந்தது. உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் எனக்கு இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. நீ தைப்பாய், நான் எதிரில் உட்கார்ந்து நூல் வெட்டுவேன். வேறு எங்கும் போகிற வழி உனக்கு இல்லை. அப்படி நினைப்பது தப்புதான், ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன்.

போலந்துக்கு வேலை கிடைத்தபோது நான் தடுக்கவில்லை, அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. தடுக்காமல் இருப்பதற்கு எனக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அதனால் உனக்கு உள்சட்டையில் பை வைத்துத் தைத்தேன். பாஸ்போர்ட் வைக்க அளவாக ஒரு பை. பட்டனை நம்ப முடியாது, ஜிப் தானே திறந்துகொள்ளும், பாஸ்போர்ட் எங்காவது விழுந்தால் பிள்ளை என்ன செய்வான் என்று யோசித்து, பாஸ்போர்ட்டை உள்ளே வைத்து, பையின் வாயையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். கெட்டியாக, இரட்டை நூலில். ஏர்போர்ட் வாசலில் துப்பாக்கி வைத்திருந்தவர் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னபோதுதான் நம் மூன்று பேருக்கும் விஷயம் உறைத்தது. கத்தரி கேட்டால் அந்த இடத்தில் யார் கொடுப்பார்கள்? நீ சட்டையைத் தூக்கிக்கொண்டு குனிந்து பல்லால் கடித்துப் பிய்த்தாய். பின்னால் வரிசையில் நின்றவர்களெல்லாம் பார்த்தார்கள். அந்த மனிதரும் சிரித்துவிட்டார். "யாரு தம்பி தச்சது?" என்று கேட்டார். நீ நூலைத் துப்பிவிட்டு, "எங்க அம்மா சார், நான் போவக் கூடாதுன்னு தச்சிக்கீறாங்க" என்றாய். எல்லாரும் சிரித்தோம். வேடிக்கைக்குத்தான் சொன்னாய், தெரியும். வீடு திரும்புகிற வழியெல்லாம், பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட இடத்தில் வண்டி நகராமல் நின்றபோதெல்லாம், நீ சொன்னது உண்மைதானோ என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு கிறிஸ்மஸ் வந்தால் உனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பினேன். பீரோவிலிருந்து உன் அளவுச் சட்டையை எடுப்பேன், அந்த நீலக் கட்டம் போட்டதை. துணியை முதல் நாளே தண்ணீரில் முக்கிக் காயவைத்துவிடுவேன். நீயும் அதை மறக்காதே, நனைக்காத பருத்தித் துணியில் கத்தரி வைக்காதே, தைத்த பிறகு சுருங்கினால் யாரைக் குற்றம் சொல்வது? நீ சட்டையைப் போட்டு போட்டோ அனுப்புவாய், மேலே அந்தப் பெரிய குளிர்கோட்டு இருக்கும். கோட்டைக் கழற்றி ஒரு போட்டோ எடுடா என்றால், "குளிருது மா" என்பாய். அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், "உன் கை அளவு தப்புமா?" என்பாய். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அப்பாவிடம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

போன மே மாதம் நீ லீவில் வந்தாய். வாசலில் உன்னைப் பார்த்தபோதே முகம் ஒட்டிப்போயிருக்கிறது என்று தெரிந்தது. பயண அலுப்பு என்றாய். மறுநாள் உன் துணிகளைத் துவைக்கப் போட்டேன். போன கிறிஸ்மஸுக்கு நான் அனுப்பிய சட்டையை உள்பக்கம் திருப்பியபோது என் கை நின்றுவிட்டது. நான் போட்ட மூன்று தையலுக்கும் உள்ளே இன்னொரு தையல் ஓடியிருந்தது, கையால், தடித்த கறுப்பு நூலில். அக்குளிலிருந்து அடி வரைக்கும், இரண்டு பக்கமும். அதைச் சேர்த்துப் பிடித்தால் உள்ளே நிற்கிற துணி என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த அதே பின்தையல். ஊசியை ஒவ்வொரு முறையும் ஒரு எட்டு பின்னால் குத்தி எடுப்பது, அறுந்துபோகாது என்று நான்தான் சொன்னேன். அதற்கு முந்தைய சட்டையிலும் அதுவே இருந்தது. என் பிள்ளை அவ்வளவு இளைத்திருக்கிறான், யாரிடமும் சொல்லாமல் தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து என் சட்டைக்குள் தன்னைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறான். நான் இங்கே உன் பழைய உடம்புக்குச் சட்டை தைத்துக்கொண்டு, அளவு தப்பவில்லை என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நீ சிரித்து மழுப்புவாய், அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சங்கடப்படுவாய், லீவே கெட்டுப்போகும். அதற்குப் பதிலாகச் சோறு போட்டேன். இறால், வஞ்சிரம், கோழி, நீ போதும் போதும் என்று கையைக் குறுக்கே வைத்தாலும் போட்டேன். "இன்னாம்மா, ஒரே அடியா ரொப்பிடலாம்னு பாக்குறியா?" என்று கேட்டாய். ஆமாம், அப்படித்தான் பார்த்தேன். அங்கே மதியத்துக்கு என்ன சாப்பிடுகிறாய்? உண்மையைச் சொல். ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுத் திரும்பவும் வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொள்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காக்கிப் பையைக் கதவில் மாட்டி வைப்பதற்கா தைத்தேன்? காலையில் கொஞ்சம் சீக்கிரம் எழுந்து சோறு வை. பருப்பு மட்டும் இருந்தாலும் போதும், உட்கார்ந்து சாப்பிடு.

நீ கிளம்பிப் போன பிறகு பீரோவைத் துடைத்தபோது என் பச்சை ஜாக்கெட்டைக் காணவில்லை. வீட்டையே புரட்டிப்போட்டேன். அப்பாவைக் கேட்டதற்கு, "காத்துல பறந்துருக்கும், இல்லாங்காட்டி பூனை தூக்கிக்கினு போயிருக்கும்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். நீதான் அதை உன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்சல் வந்தபோதுதான் புரிந்தது. அங்கே பக்கத்து வீட்டு அம்மாளின் பழைய கைமிஷினில், லீவு நாளில், ஒரு தடவை வெட்டிப் பாழாக்கி மறுபடியும் வெட்டித் தைத்தேன் என்று சொன்னாயே, அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. எத்தனையோ பேர் அத்தனை தூரத்திலிருந்து அம்மாவுக்கு என்னென்னவோ அனுப்புகிறார்கள். எனக்கு என் பிள்ளை தைத்த ஜாக்கெட் வந்திருக்கிறது.

ஆனால் ராஜா, அந்தப் பச்சை ஜாக்கெட் பழைய அளவு. நீ வருவதற்கு முன்பே அது எனக்குத் தளர்ந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை வந்திருக்கிறது. கொஞ்ச நாளாக இளைத்துக்கொண்டே வந்தேன், தாகம், அசதி. டாக்டர் பார்த்து மாத்திரை கொடுத்திருக்கிறார், இப்போது கட்டுக்குள்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். அப்பாவிடம் உனக்குச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன், அவரைக் கோபிக்காதே. நீ லீவில் இருந்தபோது புடவையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டே திரிந்தேன், நீ கவனிக்கவில்லை. நீ கோட்டு போட்டு மறைத்தாய், நான் முந்தானையை வைத்து மறைத்தேன். சரியான அம்மா, சரியான பிள்ளை. நீ என் பழைய உடம்பை அளவு வைத்துத் தைத்திருக்கிறாய், நான் உன் பழைய உடம்பை அளவு வைத்துத் தைத்தேன். அந்த அளவுகளுக்குப் பொருந்திய இரண்டு பேரும் எங்கேயோ போய்விட்டார்கள்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் பேச்சு முடிந்ததும் நீ இன்னொன்று சொன்னாய். "லீவே எடுக்காம அப்டியே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுடலாம்னு பாக்குறேன் மா. கிறிஸ்மஸ் சட்டையப் பழைய அளவுலயே தச்சு அனுப்பிடு, அது போதும்." நான் சரிப்பா என்றேன். அதுவும் பொய்தான். எனக்குச் சரியில்லை. இரண்டு வருஷம் வேலை செய், வேண்டுமானால் இன்னும் நாலு வருஷம் செய், உன் பிழைப்பை நான் ஏன் கெடுக்கப்போகிறேன்? ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருதரம் வந்துவிட்டுப் போ. உன்னைப் பார்க்க வேண்டும். மே மாதத்துக்குப் பிறகு உடம்பு தேறியிருக்கிறதா என்று கோட்டு இல்லாமல் பார்க்க வேண்டும். உன் தோளில் கை வைத்து, எலும்பு எங்கே இருக்கிறது, சதை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் போனில் சொல்லியிருந்தால் நீ, "அழாத மா" என்று சொல்லிப் பேச்சை மாற்றியிருப்பாய். தாளிடம் பேச்சை மாற்ற முடியாது.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபப்படாதே. திங்கட்கிழமை காலையில் கிறிஸ்மஸ் சட்டைக்குத் துணியை விரித்து, உன் நீலக் கட்டம் போட்ட அளவுச் சட்டையை அதன் மேல் போட்டேன். சாக்பீஸைக் கையில் எடுத்தேன். கோடு இழுக்க முடியவில்லை. யாருக்கு இழுப்பது? சாக்பீஸைக் கீழே வைத்தேன். பிறகு கத்தரியை எடுத்து அளவுச் சட்டையையே வெட்டிவிட்டேன், முதுகு வேறு, கை வேறு, முன்பக்கம் வேறு. அப்பா ஓடிவந்தார். "உனக்கு இன்னா பைத்தியமா? புள்ள சட்டைய வெட்டிக்கீற?" என்று கத்தினார். "அது அவன் சட்டை இல்ல. இப்ப இருக்கறவனுக்கு அது சேராது" என்றேன். அவர் தரையில் உட்கார்ந்தார். துண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தார். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கப் பிடித்துணியாக மடித்துத் தைத்துவிட்டேன். நன்றாகச் சூடு தாங்குகிறது.

அதனால் உனக்கு இந்தக் கிறிஸ்மஸுக்குப் பார்சல் வராது. துணி வாங்கி நனைத்துக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன், வெட்டவில்லை. நீ அனுப்பிய ஜாக்கெட்டை நான் பிடித்துத் தைக்கவும் மாட்டேன். ஒரு நிமிஷ வேலைதான், ஆனாலும் செய்ய மாட்டேன். நீ வந்தால் நீயே பிடித்துக் கொடு, கொக்கியையும் பக்கம் மாற்றிவிடு. வராவிட்டால் தொளதொளவென்றே போட்டுக்கொண்டு கிறிஸ்மஸ் பூசைக்குப் போவேன், முன்வரிசையில் உட்காருவேன், கேட்கிறவர்களிடம் என் பிள்ளை தைத்தது என்று சொல்வேன். நேற்று மழை விட்டதும் ஆவடி மார்க்கெட்டுக்குப் போய் ஒரு டேப் வாங்கிவந்தேன். இத்தனை வருஷத்தில் இந்த வீட்டுக்குள் வருகிற முதல் டேப். மிஷினுக்கு மேலே ஆணியில் சுற்றி மாட்டியிருக்கிறேன். யார் யாரை முதலில் அளப்பது என்பதை நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வரும்போது என் பச்சை ஜாக்கெட்டை மறக்காமல் எடுத்து வா. அதையும் வெட்ட வேண்டும், அடுப்படிக்கு ஒரு பிடித்துணி போதவில்லை.

உன் அம்மா